பரணில் கிடைத்த ஏர் ரைபிளும் புரியாத இங்கிலீஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிங்காம் பக்கம் பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள், சாவி கைக்கு வந்த வாரமே பரணில் ஏறிப் பார்ப்பார்கள். உடைந்த கிறிஸ்துமஸ் மரம் இருக்கும், யாரோ விட்டுப்போன பெட்டி இருக்கும். சில வீடுகளில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு ஏர் ரைபிளும் இருக்கும். உடனே எனக்கு போன் வரும். பழைய ஏர் ரைபிள்களைத் தேடிச் சேர்ப்பது என்னுடைய பைத்தியம் என்பது இங்கே ஊரறிந்த விஷயம்.

வரும் கேள்விகளில் பாதி துப்பாக்கியைப் பற்றி. மீதிப் பாதி, அதை விற்க வந்த பெரியவர் பேசிய இங்கிலீஷைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. இந்தத் தொழிலில் ரைபிளில் பொறித்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆளின் பேச்சையும் படிக்கத் தெரிய வேண்டும். அதனால் எல்லாம் ஒரே இடத்தில்.

ஏர் ரைபிள்னா மெரினாவில பலூன் சுடுவோமே, அதுதானே?

அதே இனம்தான். வெடிமருந்து கிடையாது. உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு பிஸ்டன். லீவரை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையைத் தட்டினால் பிஸ்டன் பாய்ந்து முன்னால் இருக்கும் காற்றை நெருக்க, அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் என்பது இடுப்பு சிறுத்த ஈயத் துண்டு, நம் உடுக்கை வடிவம்.

ஆனால் கடற்கரைத் துப்பாக்கியை வைத்து இதை எடைபோடாதீர்கள். அங்கே குறிமுள் வளைந்திருக்கும், குழல் தேய்ந்திருக்கும். 100 வருஷத்துக்கு முந்தைய நல்ல பர்மிங்காம் ரைபிளை எடுத்துக் குறிபார்த்தால், ராணுவத்துக்கு ரைபிள் செய்த அதே கைகள் இதையும் செய்தன என்பது புரியும்.

அண்ணை, நாங்கள் துவக்கு எண்டுதான் சொல்லுவம். நீங்கள் துப்பாக்கி எண்டுறீங்கள். ரெண்டும் ஒண்டுதானே?

ஒன்றேதான். இரண்டுமே துருக்கியிலிருந்து கப்பலும் குதிரையும் ஏறி வந்த ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள் என்பார்கள். ஒன்று யாழ்ப்பாணத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்று மதுரையில் வேறுவிதமாகவும் வளர்ந்தது. கீழே வரப்போகும் இங்கிலாந்து வட்டாரச் சொற்களின் கதையும் இதே மாதிரிதான்.

பி.எஸ்.ஏ.ன்னு போட்டிருக்கு. அது சைக்கிள் கம்பெனி இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் நமக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். உண்மையில் அந்த மூன்று எழுத்து 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்', அதாவது பர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பெனி. 1861-ல் பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கியது. ஆலை ஸ்மால் ஹீத் பகுதியில், தெருவின் பெயரே ஆர்மரி ரோடு. துப்பாக்கி ஆர்டர் குறைந்த காலங்களில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள் என்று போனார்கள். 1957-ல் சைக்கிள் பிரிவை ராலே கம்பெனிக்கு விற்றார்கள். 1960-ல் ராலே, டி.ஐ. குழுமத்தின் தாய் நிறுவனமான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸிடம் போனது. அப்பா ஓட்டிய சைக்கிளும் உங்கள் பரணில் கிடந்த ரைபிளும் ஒரே பெயரைச் சுமப்பது இப்படித்தான்.

மூன்று ரைபிள்களைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை இருந்தால் அது பி.எஸ்.ஏ.வின் அடையாளம். பழைய இங்கிலீஷ் சைக்கிள்களிலும் இதே முத்திரையைப் பார்க்கலாம். 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் இந்த ஆலையில் 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஸ்மால் ஹீத்தில் பழைய குடும்பத்தாரிடம் ரைபிளைப் பற்றிப் பேசினால் பேச்சு அந்த இரவுக்குப் போகாமல் இருக்காது. அவசரப்படாமல் கேளுங்கள்.

கிடைச்சுது. முதல்ல என்ன செய்யணும்? ஒரு தடவை சுட்டுப் பாக்கலாமா?

கூடாது. உள்ளே பெல்லட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பி.எஸ்.ஏ.விலும், இன்னொரு பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியான வெப்லியின் ரைபிளிலும் பெல்லட் போட 'டேப்' என்ற அமைப்பு உண்டு. தண்ணீர்க் குழாயின் திருகு போலத் திரும்பும் ஒரு உருளை, அதில் ஒரு துளை. பெல்லட்டைத் துளையில் போட்டுத் திருப்பினால் அது குழலோடு நேராகிவிடும், வெளியே தெரியாது. ஐம்பது வருஷமாக ஒரு பெல்லட் அங்கேயே உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். லீவரைத் தொடாமல் அந்த டேப்பை மட்டும் திருப்பி, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவது. பிஸ்டனைத் தடுத்து நிறுத்தக் காற்று மெத்தை இல்லாததால் அது நேராகப் போய் இரும்பில் மோதும். காய்ந்துபோன தோல் வாஷர் அன்றே தூளாகும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

கையில் கிடைத்த ஸ்பிரே எண்ணெயை உள்ளே அடிப்பதும் வேண்டாம். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் சேர்ந்தால் காற்று நெருங்கும் சூட்டில் அது டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். 'டப்' என்று சத்தமும் புகையும் வரும், பார்க்கிறவர்கள் "நல்ல பவர்" என்பார்கள். பவர் இல்லை அது, நாசம். தோல் வாஷருக்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் காலிலிருந்து எடுப்பது) சில சொட்டு விட்டு, ரைபிளைச் செங்குத்தாக ஓரிரு நாள் நிறுத்தி ஊறவிடுங்கள்.

லைசென்ஸ் வேணுமா? போலீஸ் வந்தா என்ன சொல்றது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ரைபிள் என்றால் பெல்லட் வெளியே வரும் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல் போகாத வரை லைசென்ஸ் வேண்டாம். பிஸ்டலுக்கு 6. அதைத் தாண்டினால் பயர்ஆர்ம் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஸ்காட்லாந்தில் கதை வேறு: 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர் ரைபிளுக்கே லைசென்ஸ் வேண்டும். வட அயர்லாந்தில் 1 ஜூலைத் தாண்டினாலே சான்றிதழ். கிளாஸ்கோவில் இருக்கும் மைத்துனருக்குப் பரிசாக எடுத்துப் போகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.

வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால் நேரில்தான் கைக்கு வரும், தபாலில் வராது. தூரத்துக் கடை என்றால் அவர்கள் உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பி, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். வெளியே எடுத்துப் போக நியாயமான காரணம் வேண்டும், உறையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பது உங்கள் சட்டப் பொறுப்பு. பூட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஊருக்குக் கொண்டுபோய் அப்பாகிட்ட காட்டலாமா?

போட்டோ காட்டுங்கள். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மேற்பட்ட குழல் அளவோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். பழைய இங்கிலீஷ் ரைபிள்களில் நிறைய 0.22 அளவுதான். இதெல்லாம் வைத்திருப்பதற்கான விதி. நாட்டுக்குள் கொண்டுவருவது தனி விவகாரம். அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டால் மீனம்பாக்கம் சுங்கத்திலேயே உங்கள் விடுமுறை முடிந்துவிடும்.

எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கயும் வருஷம் போடலியே.

போருக்கு முந்தைய பி.எஸ்.ஏ.வில் ஆண்டு பொறித்திருக்காது. எண்ணும், எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தும்தான் ஜாதகம். மரத்தில் தேடாதீர்கள், இரும்பில் தேடுங்கள். விசையை ஒட்டிய பகுதியிலும், ஸ்பிரிங் இருக்கும் உருளையின் அடியிலும் பெரும்பாலும் கிடைக்கும். தேய்ந்திருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எனக்குக் கைகொடுத்தது பூஜை அலமாரியில் இருந்த விபூதி. விரலால் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி, எழுத்து பளிச்சென்று வரும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், அதாவது 1919 முதல் 1939 வரையிலான ரைபிள்களில் எல் என்று தொடங்கினால் லைட் மாடல், 0.177. சி.எஸ். என்றால் கிளப் மாடல், அதுவும் 0.177. வெறும் எஸ் என்றால் ஸ்டாண்டர்ட், 0.22. முன்னெழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் முதல் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க நிறைய வாய்ப்பு, அப்போது நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். இரண்டாம் போருக்குப் பிறகு கதை மாறுகிறது. லீவரை இழுத்தால் டேப் தானாகத் திறக்கும் ஏர்ஸ்போர்ட்டர் 1948-ல் வந்தது. குழலையே மடக்கும் மீட்டியர் 1959-ல் வந்தது. மீட்டியரில் என் (N) என்ற எழுத்து 0.177, டி (T) என்ற எழுத்து 0.22. அதற்கடுத்த எழுத்து எந்தப் பதிப்பு என்று சொல்லும். டி.எச். (TH) என்று பார்த்தால் ஐந்தாம் பதிப்பு, அதாவது எழுபதுகளின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. நூற்றாண்டுப் பொக்கிஷம் என்று கனவு காண வேண்டாம்.

வெப்லி என்றால், குழலைக் கழற்றி 0.177, 0.22, 0.25 என்ற மூன்று அளவிலும் மாற்றிப் போடக்கூடிய சர்வீஸ் மார்க் 2 என்ற ரைபிள் 1932-ல் வந்தது. லீவர் கீழே உள்ள மார்க் 3, 1947 முதல் 1975 வரை ஓடியது. நம் வீட்டுப் பரண்களில் அதிகம் கிடைப்பது மார்க் 3-ம் மீட்டியரும்தான்.

காப்புரிமை எண்ணுக்குப் பின்னால '04'ன்னு இருக்கு. அப்ப 1904 ரைபிள்தானே?

இதுதான் அதிகம் பேர் விழும் குழி. அது காப்புரிமை வாங்கிய ஆண்டு. நாற்பது வயதுக்காரர் பையில் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அவர் இன்னும் பள்ளிக்கூடப் பையன் என்று அர்த்தமா?

அந்த 1904 காப்புரிமை ஜார்ஜ் லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லருடையது. 1902-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் முடிந்து ராணுவ ஆர்டர் வற்றிப்போயிருந்த சமயம். பெரிய ஆலை, நல்ல இயந்திரம், வேலை இல்லை. ஜெஃப்ரீஸின் வடிவத்தை பி.எஸ்.ஏ. செய்துகொடுக்க ஆரம்பித்தது. 1905 முதல் கடைக்கு வந்தது. ஆரம்பத்தில் அவர் பெயரிலும், பிறகு பி.எஸ்.ஏ. பெயரிலும். அதனால் 'லிங்கன்' என்ற பெயர் பொறித்த ரைபிள் கிடைத்தால் லண்டனுக்கு வடக்கே இருக்கும் லிங்கன் நகரத்தைத் தேடிப் போகாதீர்கள், அது ஆளின் பெயர். அப்படி ஒரு ரைபிளைத் துருப்பிடித்த கம்பி என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாக ஒருவர் என்னிடம் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'2'ன்னு ஒரு எண் பெருசாப் போட்டிருக்கே, ரெண்டாவது ரைபிளா?

குழல் அளவு. பி.எஸ்.ஏ. கணக்கில் 1 என்றால் 0.177, 2 என்றால் 0.22, 3 என்றால் 0.25. மேலே சொன்ன முன்னெழுத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று: அந்தக் கால 0.22 குழல் இன்றைய 5.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்குக் கொஞ்சம் தளர்ச்சி. விட்டால் மறுமுனையில் உருண்டு விழும். 5.6 மில்லிமீட்டர் தேடி வாங்கினால் அதே ரைபிள் திடீரென்று குறி தப்பாமல் சுடும்.

டயானான்னு இருக்கு, ஆனா 'மேட் இன் கிரேட் பிரிட்டன்'னும் இருக்கு. டயானா ஜெர்மன் இல்லையா? போலியா?

போலி இல்லை, போரின் கூலி. டயானா ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890-ல் தொடங்கிய மாயர், கிராமெல்ஷ்பாகர் கம்பெனியின் பெயர். வேட்டைத் தேவதை தன் வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஏர் ரைபிளை உயர்த்திப் பிடித்திருப்பது அவர்கள் முத்திரை. இரண்டாம் போருக்குப் பிறகு இயந்திரங்களும் பெயர் உரிமையும் பிரிட்டனுக்கு வந்து, ஸ்காட்லாந்தின் மதர்வெல் ஊரில் மில்ப்ரோ என்ற கம்பெனி 'டயானா'க்களைச் செய்தது. அசல் ஜெர்மன்காரர் மீண்டும் தொழில் தொடங்கியபோது தன் சொந்தப் பெயரில் பிரிட்டனில் விற்க முடியாமல் 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்துக்கொண்டார். வயிற்றெரிச்சல் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. மில்ப்ரோ எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிய பிறகுதான் பெயர் வீடு திரும்பியது.

ஜெர்மன் டயானாவில் ஒரு வசதி, போருக்குப் பிந்தையவற்றில் உருளையின் பின்பக்கம் மாதமும் ஆண்டும் சிறு எண்ணாகக் குத்தியிருக்கும். ஆண்டு தேடி விபூதி தடவத் தேவையில்லை.

கம்பெனிப் பெயரே இல்ல. சின்னச் சின்ன எழுத்து மட்டும்தான். என்ன பண்றது?

டி.ஆர்.பி. அல்லது டி.ஆர்.ஜி.எம். என்று இருந்தால் ஜெர்மன், 1945-க்கு முந்தைய பதிவு முறை. ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து இருந்தால் 1970-க்குப் பிந்தையது, 7.5 ஜூலுக்கு உட்பட்டது என்ற ஜெர்மன் முத்திரை. தாத்தா முதல் போரில் கொண்டுவந்தது என்று விற்பவர் கண்ணீர் விட்டாலும் அந்த எஃப் பொய் சொல்லாது.

விக்கிறவர் போன்ல 'பாஸ்டின்'னு சொன்னார். பஸ்ட் ஆயிடுச்சா? வேணாம்னுட்டேன்.

ஐயோ. 'பாஸ்டின்' என்றால் பிரமாதம். டட்லி, வால்சால், வுல்வர்ஹாம்ப்டன் உள்ளிட்ட, பிளாக் கன்ட்ரி என்று சொல்லப்படும் பழைய நிலக்கரி, இரும்புப் பகுதியின் செல்லச் சொல். ஆனால் அதே வேரிலிருந்து வரும் 'பாஸ்ட்' என்றால் உடைந்தது. "ஸ்பிரிங் பாஸ்ட்" என்றால் ஸ்பிரிங் போச்சு. "பாஸ்டின் ஸ்பிரிங்" என்றால் அருமையான ஸ்பிரிங். வாலில் ஒரு 'இன்', பல நூறு பவுண்டு வித்தியாசம்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. "பிச்சுட்டான்" என்றால் பாராட்டு, "பிஞ்சு போச்சு" என்றால் செருப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

'ஐ டே', 'இட் ஏ', 'ஐ கோர்'... இதெல்லாம் என்ன மொழி அண்ணா?

அதே பிளாக் கன்ட்ரிதான். எல்லாமே எதிர்மறை. 'ஏ' என்றால் இல்லை. 'டே' என்றால் செய்யவில்லை. 'கோர்' என்றால் முடியாது. 'வோர்' என்றால் இருக்கவில்லை. "இட் ஏ மைன்" என்றால் என்னுடையது அல்ல. 'நாட்' என்ற சொல்லைத் தேடிக் காத்திருந்தால் வாக்கியம் முடிந்து ஆள் போய்விடுவார்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். வந்த புதிதில் ஒருவர் போனில் ஒரு மார்க் 3 வெப்லி பற்றிப் பேசினார். "மை டாட் டே யூஸ் இட்" என்றார். 'டே' என்றதும் தினமும் பயன்படுத்தினார் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் சுட்டதென்றால் தேய்ந்துபோயிருக்கும் என்று அடிமாட்டு விலை கேட்டேன், அவர் வைத்துவிட்டார். அப்பா அதைப் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் அவர் சொன்னது. பெட்டி பிரிக்காத மாதிரி இருந்த அந்த ரைபிளை இன்னொரு சேகரிப்பாளர் வீட்டுச் சுவரில் பிறகு பார்த்தேன். தொட்டுப் பார்க்கக்கூட விட்டார். அது இன்னும் மோசம்.

'நீட்ஸ் எ பிட் ஆஃப் ஃபெட்லிங்'னு விளம்பரத்துல இருக்கு. பெரிய செலவா?

'ஃபெட்டில்' என்றால் சீர்செய்வது, துடைத்துத் தேய்த்து ஒழுங்குக்குக் கொண்டுவருவது. வார்ப்பட ஆலைகளில் வார்த்தெடுத்த இரும்பின் பிசிறு நீக்கும் வேலைக்கும் இதுதான் பெயர். வடக்கு இங்கிலாந்து முழுக்கப் புழங்கும். நம் ஊர் பைக் புரோக்கர் "சின்ன வேலை இருக்கு சார்" என்பாரே, அதற்குச் சமம். வாஷர் மாற்றினால் போதும் என்பது முதல் குழலைத் தவிர எல்லாம் வாங்க வேண்டும் என்பது வரை அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபெட்டில் என்ற உற்சாகத்தில் மணல்தாளை எடுத்து இரும்பைப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பழைய நீலப் பூச்சும் மரத்தின் கருத்த மெருகும் போய்விட்டால் ரைபிள் புதிதாகத் தெரியும், மதிப்பு பாதியாகும். மரத்தில் முந்தைய உரிமையாளர் கத்தியால் கீறிய பெயரையும் அழிக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

'கட்'ல இருந்து எடுத்தது, 'ட்ராங்கில்மென்ட்ஸ்' டப்பாவும் தரேன், 'அவுட்டோர்' பக்கத்துல வாங்கனு மெசேஜ். ஒண்ணுமே புரியல.

'கட்' என்பது கால்வாய். வெட்டியதால் கட். அதாவது ரைபிள் தண்ணீரில் கிடந்தது, துரு உள்ளே வரை போயிருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'ட்ராங்கில்மென்ட்ஸ்' தட்டுமுட்டுச் சாமான். அந்த டப்பாவை மட்டும் கேட்டு வாங்குங்கள், பழைய குறிமுள்ளும் திருகும் அதில்தான் கிடக்கும். 'அவுட்டோர்' பாட்டில் வாங்கிக்கொண்டு போகும் மதுக்கடை.

பெரியவர் 'ஸ்லக்' போட்டுச் சுடுன்னார். கடையில கேட்டா வேற எதையோ தர்றாங்களே?

அந்தத் தலைமுறைக்கு ஸ்லக் என்றால் சாதாரண பெல்லட்தான். இன்றைய கடையில் ஸ்லக் என்றால் இடுப்பில்லாத கனமான உருளை ஈயம், புதிய வகை உயர் அழுத்தத் துப்பாக்கிகளுக்கானது. பழைய ஸ்பிரிங் ரைபிளில் போட்டால் குழலிலேயே சிக்கும். உடுக்கை வடிவம்தான் வேண்டும் என்று கையால் வரைந்து காட்டி வாங்குங்கள்.

பேச்சை வச்சு ரைபிள் எந்த ஊர்ல இருந்துதுன்னு கண்டுபிடிக்க முடியுமா? சும்மா கதையா?

எண் சொல்வது ரைபிள் பிறந்த கதையை. அது வாழ்ந்த கதை எண்ணில் இல்லை. என்னிடம் இருக்கும் ஒரு எல் வரிசை பி.எஸ்.ஏ.யின் பெட்டிக்குள் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இலக்கு வைத்துச் சுட்ட மதிப்பெண்கள். சந்துக்கு அவர் எழுதியிருந்த சொல் 'ஜின்னல்'. வாங்கியது பர்மிங்காமில், ஆனால் பர்மிங்காம்காரர் அதை 'என்ட்ரி' என்பார். லெஸ்டரில் 'ஜிட்டி'. சஸ்ஸெக்ஸில் 'ட்விட்டன்'. யார்க்ஷயரில் 'ஸ்னிக்கெட்' என்றும் சொல்வார்கள், ஜின்னல் என்றும் சொல்வார்கள். லங்காஷயர் பக்கமும் ஜின்னல்தான். ஆக, எழுதியவர் வடக்கத்தி ஆள். நம் நெல்லைக்காரர் 'முடுக்கு' என்று எழுதியிருந்தால் அவர் சென்னைக்காரர் இல்லை என்று சொல்லிவிட மாட்டோமா?

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் வயதானவர்களிடம் போய், எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று கேட்டு எழுதினார்கள். அந்தச் சொல் வரைபடங்களைப் பார்த்தால் ஒரு ஆற்றைத் தாண்டியதும் சொல் மாறுவது தெரியும். ஆனால் மனிதர் இடம் மாறுவார், மனைவி வேறு ஊர்க்காரியாக இருப்பாள். சொல் ஒரு துப்பு மட்டும். தீர்ப்பு இல்லை.

மரத்தில் கீறிய பெயரை அழிக்க வேண்டாம் என்றது இதற்குத்தான். சில சமயம் ஆள் பெயரோடு ஒரு பப்பின் பெயரும் இருக்கும். பர்மிங்காம் வட்டாரத்தில் பப்களுக்குள் 'பெல் டார்கெட்' போட்டி ஒரு காலத்தில் பெரிய விஷயம். ஆறேழு கஜத்தில் ஒரு இரும்புத் தகடு, நடுவில் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவு ஓட்டை, பின்னால் மணி. ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும். தவறினால் தகட்டின் வெள்ளைப் பூச்சில் கறுப்புத் தடம் விழும், அந்தத் தெருவே சிரிக்கும். சி.எஸ். வரிசை ரைபிளோடு பப் பெயரும் இருந்தால் அந்தப் பப் இருந்த தெருவில் போய் வயதானவர்களிடம் கேளுங்கள். பப் இப்போது பெரும்பாலும் வீடாகவோ பிரியாணிக் கடையாகவோ மாறியிருக்கும். பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்.

எழுத்து எஸ், ஆனா குழல்ல '1'. நீங்க சொன்ன கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் வேண்டும், அது கலவை ரைபிள். முன்னெழுத்து 0.22 என்கிறது, குழல் 0.177 என்கிறது. நூறு வருஷத்தில் யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு உடைந்த ரைபிளைச் சேர்த்து ஒன்று ஆக்குவது அந்தக் காலத்தில் சாதாரணம். மரத்துக்கும் இரும்புக்கும் இடையே பொருந்தாத இடைவெளி, ஒன்றுக்கொன்று ஒட்டாத பூச்சு நிறம், இதெல்லாம் சேர்த்துப் பாருங்கள். சுட்டு மகிழ நல்ல ரைபிளாக இருக்கலாம். அசல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

பழசுதானே, 12 அடி-பவுண்டு எல்லாம் தாண்டவே தாண்டாது, சரிதானே?

அப்படியே விட்டிருந்தால் தாண்டாது. யாராவது ஃபெட்டில் செய்கிறேன் என்று தடித்த ஸ்பிரிங் போட்டிருந்தால்? துப்பாக்கிக் கடைகளிலும் கிளப்புகளிலும் குரோனோகிராஃப் இருக்கும், வேகம் அளந்து கொடுப்பார்கள். பெல்லட்டின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அளவில் எடுத்து, வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் இரண்டு முறை பெருக்கி, 450240-ஆல் வகுங்கள். 14.5 கிரெயின் பெல்லட் 550 அடி வேகத்தில் போனால் சுமார் 9.7 அடி-பவுண்டு, கவலை இல்லை. அதே பெல்லட் 610-ஐத் தொட்டால் 12-ன் வாசலில் நிற்கிறீர்கள். வாசலைத் தாண்டினால் என்ன என்று லைசென்ஸ் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

ஒருத்தரை 'ப்ரம்மி'ன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. ரைபிளையும் தரல. என்ன தப்பு?

அவர் டட்லிக்காரராக இருந்திருப்பார். ப்ரம்மி என்றால் பர்மிங்காம்காரர். பிளாக் கன்ட்ரி ஆளை அப்படிச் சொல்வது நாகர்கோவில்காரரைத் திருநெல்வேலி என்பது மாதிரி. வெளியாருக்கு ஒரே பேச்சு, அவர்களுக்கு இரண்டு நாடு. அதோடு 'ப்ரம்மஜெம்' என்ற பழைய வடிவத்துக்குப் பளபளப்பான மட்டச் சரக்கு என்று ஒரு அர்த்தமும் பல நூறு ஆண்டுகளாக உண்டு. பழைய கடிதத்தில் 'ப்ரம்மஜெம் கன்' என்று பார்த்தால் ஊரைச் சொல்கிறாரா தரத்தைத் திட்டுகிறாரா என்று முழு வாக்கியத்தையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்ப நாமளும் 'பாஸ்டின்', 'யாம்பி'ன்னு பேசினா விலை குறைப்பாங்களா?

'யாம்பி' என்றால் கிறுக்கு, அதைச் சொல்லி விலை குறையாது. நான் ஒருமுறை, கற்ற வித்தையை எல்லாம் இறக்கி, டட்லியில் ஒரு பாட்டியிடம் அவர் கணவரின் ஏர்ஸ்போர்ட்டரைப் பார்த்து "பாஸ்டின்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "யூ ஏ ஃப்ரம் ரவுண்ட் இயர், ஆர் யா, பாப்?" என்றார். நீ இந்தப் பக்கத்து ஆள் இல்லையே கண்ணு, என்று அர்த்தம். பிறகு டீ போட்டுக் கொடுத்தார், கணவர் கதையை இரண்டு மணி நேரம் சொன்னார், டப்பாவில் இருந்த பழைய குறிமுள்ளையும் சேர்த்துக் கொடுத்தார். விலையில் ஒரு பென்னி குறைக்கவில்லை.